விண்ட்மில் ஏன் வரவில்லை? சாட்ஸ்வர்த் பையனுக்கும் அவன் அம்மாவுக்கும் ஒரு பதில்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருந்தார். மகனுக்கு 15 வயது. பாரிஸ் ஒலிம்பிக்ஸில் பிரேக்கிங் (தரையில் சுழன்றும் கால் வேலை செய்தும் ஆடும் ஹிப்ஹாப் நடனம்) பார்த்ததிலிருந்து அவனுக்கு அதே பைத்தியம். வீடியோக்களைப் பார்த்து வீட்டுக் கூடத்திலேயே விண்ட்மில் (முதுகில் உருண்டு கால்களைச் சுழற்றுவது) போட்டுப் பார்க்கிறான். மாதக்கணக்கில் ஆகியும் வரவில்லை. தோள் முனை கன்றிப்போயிருக்கிறது, இடுப்பெலும்பில் நீலம் பாய்ந்திருக்கிறது, மணிக்கட்டு வேறு வலிக்கிறதாம். கூட ஆடும் பையன்கள் "முதலில் சிக்ஸ் ஸ்டெப் பழகு" என்றால், அந்த அடிப்படைக் கால் வேலை போர் அடிக்கிறது என்கிறான். மூத்த மகள் வருடக்கணக்கில் தட்டடவு போட்டுத்தான் பரதத்தில் மேலே வந்தாள், இவனுக்கு அந்தப் பொறுமை இல்லையே என்று அக்காவுக்கு வருத்தம். நிறுத்தச் சொல்லலாமா, தலையில் சுற்றினால் கழுத்து என்ன ஆகும் என்று கேட்கிறார்.

நிறுத்தச் சொல்ல வேண்டாம் அக்கா. அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். அவன் செய்கிற பயிற்சியை மாற்றினால் போதும். நான் டர்பனில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு பிரேக்கிங் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற பையன்களில் பெரும்பாலானோர் விண்ட்மில் ஆசையோடுதான் வருகிறார்கள். அந்த ஆசையை நான் அணைப்பதில்லை. "அடிப்படையை முடி, அப்புறம் விண்ட்மில்" என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் அடிப்படை ஒரு தண்டனையாகத்தான் படும். உண்மையில் விண்ட்மில்லைப் பிரித்துப் போட்டால் உள்ளே இருப்பது அந்த அடிப்படைதான். உங்கள் பையனின் மூன்று வலிகளும் எது எது விட்டுப்போயிருக்கிறது என்று தெளிவாகவே சொல்கின்றன.

முதலில் தோள். விண்ட்மில்லில் கால்கள் இரண்டும் அகல விரிந்து காற்றில் சுழலும். உடம்பு ஒரு தோளிலிருந்து மேல்முதுகுக்கும், அங்கிருந்து மறு தோளுக்கும், பிறகு கைகளுக்கும் தலைக்கும் உருண்டு, தொடங்கிய இடத்துக்கே திரும்பும். பார்க்கிறவன் கண்ணுக்கு எல்லாம் ஒரே சுழற்சி. ஆனால் அது புறப்படுகிற இடம் அசையாத ஒரு நிலை, டர்ட்டில் ஃப்ரீஸ். முழங்கையை மடக்கி வயிற்றோரம், இடுப்பெலும்புக்குச் சற்று உள்ளே குத்திவைக்க வேண்டும். அந்தக் கையின் மேல் உடம்பை ஏற்றி, மறு கையால் சமன் செய்துகொண்டு, கால்கள் தரையில் படாமல் நிற்க வேண்டும். முழங்கையை அப்படிக் குத்திவைப்பதை ஸ்டேப் என்போம்.

ஸ்டேப் உறுதியாக இருக்கிறவன் அந்தக் கையை மெல்ல விட்டுக்கொடுத்து இறங்குவான். முன்கை முதலில் தரையில் படும், பிறகு மேற்கையின் வெளிப்பக்கச் சதை, பிறகு தோளின் பின்புறம். எல்லாம் சதை உள்ள இடங்கள். ஸ்டேப் இல்லாதவன் விழுவான். விழும்போது முதலில் மோதுவது தோள் முனையில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு. உங்கள் பையனுக்குக் கன்றியிருப்பது அங்கேதான். தோளுக்கு மருந்து தடவுவதோடு நிறுத்தாமல், டர்ட்டில் ஃப்ரீஸில் 20 விநாடி அசையாமல் நிற்க முடிகிறதா என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து அதே நிலையில் கைகளை மட்டும் சிறிது சிறிதாக நகர்த்தி ஒரு முழு வட்டம் வரட்டும். இது வந்தபின் இறங்குவதை மட்டும் தனியாகப் பழகலாம். சுழலக் கூடாது, உதைக்கக் கூடாது. டர்ட்டிலிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து முதுகுக்கு, அவ்வளவுதான். எழுந்து மறுபடி அதையே செய்ய வேண்டும். தரையில் சத்தம் கேட்டால் அந்த முறை கணக்கில் சேராது.

இடுப்பில் உள்ள நீலத்துக்குக் காரணம் வேறு. முதுகில் உருளும் நேரத்தில் கால்களைச் சேர்த்துவிடுகிறான், அல்லது முழங்காலை மடக்கிவிடுகிறான். விரிந்த கால்களின் வீச்சுதான் இடுப்பைத் தரையிலிருந்து தூக்கி மறுபக்கம் கொண்டுபோகிறது. கால் மூடியதும் அந்த வீச்சு போய்விடும், இடுப்பு பொத்தென்று விழும். பயத்தில் எல்லாப் பிள்ளைகளும் காலை மூடுவார்கள், அது இயல்பு. "காலை விரி" என்று பக்கத்தில் நின்று கத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை. மல்லாந்து படுத்து, இடுப்பை உயர்த்தி, காலை அகல விரித்து, ஒரு காலை மறுபக்கம் வீசி, கவிழ்ந்து டர்ட்டிலில் வந்து நிற்க வேண்டும். இது விண்ட்மில்லின் பின்பாதி. இறங்குவது முன்பாதி. இரண்டும் தனித்தனியாகச் சுத்தமான பிறகு சேர்த்தால், சேருகிற அன்று அவனுக்கே ஆச்சரியமாக இருக்கும். உட்கார்ந்து காலை விரித்து முன்னே குனிகிற பயிற்சியில் அக்காவின் மகளை விட நல்ல ஆசிரியர் வெளியில் கிடைக்க மாட்டார்.

இப்போது அவன் போர் அடிக்கிறது என்கிற சிக்ஸ் ஸ்டெப்புக்கு வருவோம். கைகளைத் தரையில் ஊன்றி, உடம்பைச் சுற்றி ஆறு அடியில் கால்கள் ஒரு வட்டம் போடுவதுதான் அது. வரிசையை ஒரே மாலையில் கற்றுவிடலாம். வரிசை தெரிந்ததுமே சிக்ஸ் ஸ்டெப் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வதால்தான் அது போர் அடிக்கிறது. தம்பி, நீ படிப்பதாக இருந்தால் இது உனக்கு: போனைத் தரைமட்டத்தில் வைத்து உன் மூன்றாவது அடியை மட்டும் படம் எடுத்துப் பார். அந்த இடத்தில் உடம்பு மல்லாந்து, நெஞ்சு கூரையைப் பார்த்திருக்கும். உன் பின்புறம் தரையைத் தட்டுகிறதா? குதிகால் முழுதாகப் பதிந்திருக்கிறதா? அப்படியானால் நான்காவது அடிக்குப் போக உடம்பை மறுபடி தூக்க வேண்டியிருக்கும், அங்கே ஒரு சின்ன நிறுத்தம் விழும். பார்க்கிறவர்களுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ இடறுவது தெரியும். இடுப்பு தரைக்கு ஒரு சாண் மேலேயே இருக்க வேண்டும். முன்பாதத்தில் நிற்க வேண்டும். எடை ஒரு கையிலிருந்து மறு கைக்கு முட்டாமல் மாற வேண்டும். விண்ட்மில்லில் முதுகிலிருந்து கைக்கு வரும்போது தேவைப்படுவதும் இதே எடை மாற்றம்தான். அங்கே அதை யோசிக்க நேரம் இருக்காது, இங்கே இருக்கிறது.

இரண்டு திசையிலும் பழக வேண்டும். வலது பக்கம் மட்டும் சுற்றிப் பழகினால் ஒரு தோளும் ஒரு மணிக்கட்டுமே எல்லாச் சுமையையும் வாங்கும்.

பரதத்தில் தட்டடவை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், போடுவது அக்காவுக்குத் தெரியும். சிக்ஸ் ஸ்டெப்பையும் நான் அப்படித்தான் போடச் சொல்கிறேன். முதல் காலத்தில் போடுவதுதான் உண்மையில் கடினம். வேகமாகப் போகும்போது சுழற்சியே உடம்பை இழுத்துக்கொண்டு போய்விடும், தவறும் தெரியாது. மெதுவாகப் போகும்போது ஒவ்வொரு அடியிலும் வயிறும் தோளும்தான் தாங்க வேண்டும். முதல் காலத்தில் நான்கு வட்டம் சுத்தமாகப் போடுகிறவனுக்கு மூன்றாம் காலம் தானாக வரும். நேரே மூன்றாம் காலத்தில் குதித்தவன் பல மாதம் கழித்தும் அந்த மூன்றாவது அடியில் இடறுவான்.

இன்னொன்றும் செய்யலாம். மகளை ஆதி தாளம் போடச் சொல்லுங்கள், மகன் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஓர் அடி வைக்கட்டும். தாளம் எட்டு, அடி ஆறு. முதல் வட்டம் முடியும்போது தாளத்தில் இன்னும் இரண்டு எண்ணிக்கை மிச்சம் இருக்கும். இரண்டாவது வட்டம் நடுவில் எங்கோ தொடங்கும். மூன்றாவது இன்னும் தள்ளிப்போகும். நான்கு வட்டம் முடிந்தால் 24 எண்ணிக்கை, அதாவது மூன்று ஆவர்த்தனம். ஐந்தாவது வட்டத்தின் முதல் அடி அப்போதுதான் சரியாகச் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் எண்ணிக்கையில் விழும். இதை உணர்ந்துவிட்ட பையனுக்கு சிக்ஸ் ஸ்டெப் அதற்குப் பிறகு போர் அடித்து நான் பார்த்ததில்லை. நான்கு வட்டம் போட்டு, சமத்தில் பேபி ஃப்ரீஸில் (தலையும் கைகளும் ஊன்றி அசையாமல் நிற்கும் நிலை) நிற்கலாம். அல்லது ஒரே வட்டம் போட்டு, மிச்சமுள்ள இரண்டு எண்ணிக்கைக்கு அசையாமல் நின்று, எட்டை நிரப்பலாம். இங்கேதான் உடற்பயிற்சி நடனமாகிறது. பிரேக்கிங்குக்கு வைக்கும் பாட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 110 முதல் 130 தட்டு வரை போகும். வீட்டில் 90-இல் தொடங்கட்டும்.

தாளத்தை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், இந்த நடனம் பிறந்ததே தாளத்திலிருந்துதான். நியூயார்க்கின் பிராங்ஸில் 1973 ஆகஸ்ட் 11 அன்று, 1520 செட்ஜ்விக் அவென்யூவில் தன் தங்கை நடத்திய விருந்தில் பாட்டு வைத்தவர் டிஜே கூல் ஹெர்க். பாட்டில் மற்ற வாத்தியங்கள் அடங்கி டிரம்ஸ் மட்டும் ஒலிக்கிற பிரேக் வரும்போதுதான் ஆடுகிறவர்கள் துள்ளுகிறார்கள் என்பதைக் கவனித்தவர் அவர். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து அந்தச் சில விநாடிகளை நீட்டிக்கொண்டே போகும் வழியைக் கண்டுபிடித்தார். அந்த நீட்டிய இடத்தில் ஆடியவர்கள்தான் பிபாய்கள், பிகேர்ள்கள். பாட்டைக் கேட்காமல் சுழல்கிறவன் எவ்வளவு சுழன்றாலும் எங்களுக்கு அது அரைகுறைதான்.

பாரிஸில் பார்த்ததையும் பையனுக்கு நினைவூட்டுங்கள். 2024 ஆகஸ்ட் 9 அன்று பெண்கள் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் அமி, தரையில் கால் வேலைக்கும் இடைவெளியில்லாத ஓட்டத்துக்கும் பெயர் பெற்றவர். மறுநாள் ஆண்கள் பிரிவில் கனடாவின் ஃபில் விசார்ட் வென்றார். நடுவர்கள் பார்த்தது ஐந்து விஷயங்கள்: உடல் நுட்பம், அசைவுகளின் வகை, பிசகில்லாமல் செய்து முடிப்பது, இசையோடு இணைவது, தனக்கென்று ஒரு பாணி. ஐந்துக்கும் ஒரே எடை. எத்தனை சுற்று சுற்றினான் என்று தனியாக ஒரு கணக்கு அதில் இல்லை. 2028 லாஸ் ஏஞ்சலிஸில் பிரேக்கிங் கிடையாது. அதனால் ஒலிம்பிக்ஸ் கனவுக்காக அவசரப்படவும் காரணம் இல்லை.

நம் தென்னாப்பிரிக்காவிலேயே இதற்கு ஒரு பரம்பரை இருக்கிறது. அதை நம் பிள்ளைகள் அறியாமல் இருப்பது எனக்கு வருத்தம். நிறவெறி ஆட்சி நடந்த 1980களிலேயே கேப் டவுனின் கேப் ஃப்ளாட்ஸ் பகுதியில் பையன்கள் பிரேக்கிங் ஆடினார்கள். பிளாக் நாய்ஸ் என்ற ஹிப்ஹாப் குழு அங்கிருந்து வந்ததுதான். அதன் எமில் ஒய்எக்ஸ் பல காலமாகப் பிள்ளைகளுக்கு இதைக் கற்பித்து வருகிறார். பார்த்துப் பழக இன்று இருப்பதுபோல் ஆயிரம் வீடியோ அவர்களுக்கு இல்லை. வட்டமாக நின்று, ஒருவர் ஆட மற்றவர் பார்த்துப் பழகினார்கள். உங்கள் பையனுக்கு இப்போது குறைவது அந்த வட்டம்தான். திரையில் இருப்பவர் இவன் தோள் எப்படி விழுகிறது என்று பார்த்துச் சொல்ல மாட்டார். பக்கத்தில் இருப்பவர் சொல்வார். டர்பனில் ஆடுகிறவர்களைத் தேடி வாரம் ஒருமுறையாவது நேரில் போகட்டும்.

டாப்ராக் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நின்றபடி ஆடுவது அது. முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, தட்டுக்குத் தட்டு உடம்பு மேலும் கீழும் அசைய, ஒரு காலை மறுகாலின் குறுக்கே வைத்துத் திரும்புவதில் தொடங்குகிறோம். தினமும் இரண்டு பாட்டுக்கு இதை ஆடினால் உடம்பு சூடாகிவிடும், பாட்டும் காதில் ஏறிவிடும்.

மணிக்கட்டுதான் நான் அதிகம் கவலைப்படும் இடம். 15 வயதில் முன்கை எலும்பின் நுனியில், மணிக்கட்டை ஒட்டி, வளர்ச்சித் தட்டு பெரும்பாலும் இன்னும் மூடியிருக்காது. கையில் திரும்பத் திரும்ப உடல் எடையை ஏற்றினால் அந்த இடம் பாதிக்கப்படலாம். ஜிம்னாஸ்டிக்ஸ் செய்கிற பிள்ளைகளிடம் இது நன்றாகத் தெரிந்த பிரச்சினை. வலி கட்டைவிரல் பக்கம் எலும்பின் மேல், அழுத்தினால் நோகும்படி இருந்தால், கையில் எடை ஏற்றுவதை உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். "தாங்கிக்கொள்" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். புறங்கைப் பக்கம் லேசாக இறுகி, ஆடும்போது மட்டும் வந்து ஓய்வில் போய்விடுகிற வலி என்றால், பெரும்பாலும் கையைத் தயார் செய்யாமல் ஏற்றியதால் வந்திருக்கும்.

தயார் செய்ய ஐந்து நிமிடம் போதும். மண்டியிட்டுக் கைகளைத் தரையில் ஊன்றி, விரல்களை முன்னே நோக்கி வைத்து மெதுவாக முன்னும் பின்னும் சாய வேண்டும். பிறகு விரல்கள் தன் பக்கம் பார்க்கும்படி திருப்பி அதே மாதிரி. அடுத்து உள்ளங்கையின் அடியை மட்டும் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும், விரல்கள் தரையை விடக் கூடாது. ஃப்ரீஸில் நிற்கும்போதும் விரல்களை விரித்து, நுனியால் தரையைப் பற்றிக்கொள்ள வேண்டும். எடை முழுவதும் உள்ளங்கையின் அடியில் விழுந்தால் மணிக்கட்டு மடிந்தே கிடக்கும். விரல்கள் வேலை செய்தால் சுமை பிரியும், சமனும் கிடைக்கும்.

தலையில் சுற்றுவது பற்றிய பயம் நியாயமானது. ஹெட்ஸ்பின்னை இப்போது தொடவே வேண்டாம். தலையையும் இரண்டு கையையும் முக்கோணமாக வைத்து நிற்கிற ஹெட்ஸ்டாண்டில் ஒரு நிமிடம் ஆடாமல் நின்று, எடையில் பெரும்பங்கைக் கைகளில் வைத்துக்கொள்ளத் தெரியும்வரை கழுத்தை அதில் கொண்டுபோகக் கூடாது. பெரியவர்களுக்கும் அது இலவசமாகக் கிடைப்பதில்லை. 20 வருடம் போல ஹெட்ஸ்பின் செய்த ஒரு டென்மார்க் ஆட்டக்காரருக்கு உச்சந்தலையில் கட்டிபோல் வீங்கி, அறுவை சிகிச்சை செய்து எடுத்ததை ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 2024-இல் வெளியிட்டது. ஹெட்ஸ்பின் ஆடாமலே நல்ல பிபாயாக இருக்க முடியும். என் வகுப்பில் 16 வயதுக்குக் கீழே யாருக்கும் நான் அதைச் சொல்லித்தருவதில்லை.

கூடத்து டைல்ஸில் விண்ட்மில் பழகுவதையும் மாற்றுங்கள். டைல்ஸும் சிமென்ட்டும் தோளுக்கு இரக்கம் காட்டாது. தடித்த லினோவில் (தரையில் விரிக்கும் லினோலியம்) இரண்டு மீட்டர் நீள அகலத்துக்கு ஒரு துண்டு வாங்கி, டேப் போட்டு ஒட்டினால் போதும். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, ஓரங்களை ஒட்டிக்கொள்ளலாம். டர்பன் கோடையின் புழுக்கத்தில் லினோ வியர்வையால் ஈரமாகிவிடும். உலர்ந்த துணி ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும். வெறும் தோளோடு உருளக் கூடாது, பருத்தி டிஷர்ட்டும் தரையில் பிடித்துக்கொள்ளும். வழுக்குகிற துணியில் முழுக்கைச் சட்டை வேண்டும். டக்கீஸ் (ரப்பர் அடி ஷூ) புதிதாக வாங்க வேண்டியதில்லை. அடி தட்டையாக, காலோடு ஒட்டியிருந்தால் சரி. ஓடுவதற்கென்று அடி தடித்து வருகிற டக்கீஸ் கால் வேலைக்கு உதவாது. கடற்கரை மணலில் பழகலாமா என்று பலர் கேட்பார்கள். ஹேண்ட்ஸ்டாண்டிலிருந்து விழப் பழக மணல் நல்லது, சிக்ஸ் ஸ்டெப்புக்கும் சுழற்சிக்கும் ஆகாது.

வாரம் நான்கு நாள், நாளுக்கு 45 நிமிடம் போதும். விண்ட்மில் துண்டுகளைக் கடைசிக்குத் தள்ள வேண்டாம். களைத்த உடம்போடு செய்தால் மறுபடி தோள் முனையில்தான் விழுவான். உடம்பு சூடானதும் முதல் பத்து நிமிடம் அதற்கே கொடுங்கள், ஆசையும் அடங்கும். பிறகு சிக்ஸ் ஸ்டெப், அதன் பின் ஃப்ரீஸ்கள், கடைசியில் ஒரு முழுப் பாட்டுக்கு எல்லாவற்றையும் சேர்த்து ஆடட்டும். எத்தனை வாரத்தில் விண்ட்மில் வரும் என்று அவன் கட்டாயம் கேட்பான். உடம்புக்கு உடம்பு அது மாறும், தேதி குறிக்க முடியாது. டர்ட்டிலில் 20 விநாடி, சத்தமில்லாத இறக்கம், முதுகிலிருந்து டர்ட்டிலுக்குத் திரும்புவது, மூன்றும் வந்துவிட்டதா என்பதை மட்டும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளட்டும்.

இந்த வாரம் தோள் கன்றல் ஆறும்வரை தரையில் உருள வேண்டாம். மணிக்கட்டையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அதுவரை டாப்ராக் ஆடலாம், காலை விரித்துக் குனியலாம், அவனுடைய அக்கா போடும் ஆதி தாளத்துக்கு நின்றபடியே ஆறு ஆறாக அடி வைத்துப் பழகலாம்.